சிவப்பில்லாத வட்டம்

திருவண்ணாமலை
12.6.1979

அன்புள்ள கோதண்டராமன் மாமாவுக்கு,

ரஹமத்துன்னிசா எழுதுகிறேன். அம்மாவும் என் வீட்டுக்காரரும் சௌக்கியம். மாமியின் முழங்கால் வலி தேவலையா? என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடாத கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவசரமாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து கஸ்தூரி டீச்சர் வீட்டுக் காதுகுத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் வண்ணம் பூசிய பழைய படம் ஒன்று. ஒரு விமானத்தின் பக்கத்தில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் கஸ்தூரியின் மாமனார் சடையன். சண்டைக் காலத்தில் விமானப் படையில் இருந்தவர், போன வருடம் தவறிவிட்டார். நடுவில் என் அப்பா. அப்பாவின் தோளில் கை போட்டபடி நீங்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது எனக்குக் காதில் விழவே இல்லை.

படத்தை இரவல் வாங்கி வந்து, தேரடித் தெரு சாந்த் பாஷா ஸ்டுடியோவில் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இது என்ன விமானம் மாமா? எந்த வருடம் எடுத்தது? 43 ஜனவரியில் பெஷாவரில் பயிற்சி விமானம் விழுந்து அப்பா இறந்துவிட்டார் என்று நீங்கள்தான் நேரில் வந்து சொன்னீர்களாம். நான் அப்போது கைக்குழந்தை. அன்று நீங்கள் கொடுத்த படம் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அதைவிட இதில் அப்பா சதை போட்டிருக்கிறார், மீசை வைத்திருக்கிறார். மனசுக்கு என்னவோ போல இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

உங்கள் மகள் போன்ற
ரஹமத்து


பெங்களூர்
18.6.1979

அன்பு மகள் ரஹமத்துக்கு ஆசிகள்.

டீச்சரம்மா கோபத்துக்குப் பயந்து தபால் வந்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். மாமி தைலம் தேய்க்கச் சொல்லி என் உயிரை எடுக்கிறாள்.

படத்தில் இருப்பது ஆன்சன். குண்டு போடப் பழகுகிற பையன்களை ஏற்றிக்கொண்டு பறக்கும். டவுன் பஸ் மாதிரி பக்கமெல்லாம் கண்ணாடி. 42 மழைக்காலத்தில் அம்பாலாவில் எடுத்தது, நாங்கள் பெஷாவருக்கு மாற்றலாகும் முன்னால். மீசை அந்த வயதில் வைப்பதும் எடுப்பதுமாகத்தான் இருக்கும். படத்தைப் பத்திரமாக வை. உன் அம்மா பீபி ஜானுக்கு மட்டும் காட்டாதே. ரத்தக் கொதிப்புக்காரி, தாங்கமாட்டாள்.

அன்புடன்
கோதண்டராமன் மாமா


திருவண்ணாமலை
9.7.1979

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டுக்காரர் சரக்கெடுக்க மெட்ராஸ் போனபோது இன்னொரு பிரதியைக் கொடுத்தனுப்பினேன். அங்கே நூலகத்தில் சண்டைக் கால விமானப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பார்த்து, படங்களை நகலெடுத்து வந்தார். ஆன்சனுக்கு ஜன்னல்கள் உடம்போடு சேர்ந்திருக்கின்றன. நம் படத்தில் கண்ணாடி முதுகின் மேல் நீளமான கூண்டாக நிற்கிறது. இறக்கை முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. இதற்கு வெஞ்சன்ஸ் என்று பெயராம். இதுவும் குண்டு போடப் பழக்கிய விமானம்தான். ஆயுள் முழுக்க விமானத்தோடு புழங்கிய உங்களுக்கா இது தெரியாமல் போகும்?

இன்னொன்றும் இருக்கிறது. விமானத்தின் உடம்பில் உள்ள வட்டத்தைப் பாருங்கள். எங்களிடம் உள்ள பழைய படத்தில் வட்டத்தின் நடுவே கறுப்பாக இருக்கிறது. அந்தக் காலத்துப் படத்தில் சிவப்பு அப்படித்தான் விழும் என்கிறார் சாந்த் பாஷா. இந்தப் படத்தில் நடு வெளுத்துக் கிடக்கிறது. ஜப்பான்காரன் அடையாளமும் சிவப்பு, குழப்பத்தில் நம் ஆட்களே நம்மைச் சுட்டுவிடக் கூடாது என்று 43 கோடைக்கு மேல் சிவப்பை அழித்தோம் என்று நீங்களே எனக்குக் கதை சொல்லியிருக்கிறீர்கள். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் இறந்தவர் அதற்கப்புறம் எப்படி வந்து நிற்கிறார் மாமா?

ரஹமத்து


பெங்களூர்
14.7.1979

ரஹமத்துக்கு,

வண்ணம் பூசிய படத்தை வைத்துக்கொண்டு வழக்குப் பேசாதே. ஸ்டுடியோக்காரர்கள் உதட்டுக்குச் சாயம் பூசுவார்கள், வழுக்கைத் தலைக்கு முடி வைப்பார்கள். வட்டத்துக்கும் எவனோ வெள்ளையடித்திருக்கிறான். எனக்குக் கண்ணில் புரை, விமானத்தின் பெயரில் தடுமாறியிருக்கலாம்.

இத்தோடு விடு. உன் அம்மா நிம்மதியாக இருக்கிறாள். அதைக் கெடுப்பதில் உனக்கு என்ன அவ்வளவு ஆசை?

கோதண்டராமன்


திருவண்ணாமலை
23.7.1979

மாமாவுக்கு,

படத்தின் பின்பக்கம் சாந்த் பாஷா கடை முத்திரை இருக்கிறது. வண்ணம் பூசியவர் அவரேதான். அவரையே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சட்டத்தைக் கழற்றி, டர்பன்டைனில் பஞ்சை நனைத்து வட்டத்தைத் துடைத்துக் காட்டினார். பூசிய நீலம் பஞ்சோடு வந்தது. நடுவில் வெளுப்பு அப்படியே இருந்தது. உங்கள் சந்தேகத்தைச் சொன்னதும் மனுஷருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கற செவப்ப நான் ஏம்மா அழிக்கப் போறேன்? செவப்பு வெக்கறதுக்குத்தானே என்னாண்ட கொண்டாந்து குடுக்கறாங்க!" என்றார்.

நீங்கள் சொன்ன சொல்லைத் தவிர அப்பா இறந்ததற்கு எங்களிடம் வேறெதுவும் இல்லை. சர்க்கார் காகிதம் பின்னால் வரும் என்றீர்கள். வரவில்லை. சண்டை நேரம், காகிதமெல்லாம் எங்கே வரும் என்றீர்கள். அம்மா நம்பினார், அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

அப்பா இறந்தாரா, எங்களை விட்டுவிட்டுப் போனாரா? எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

ரஹமத்துன்னிசா


பெங்களூர்
2.8.1979

ரஹமத்துன்னிசாவுக்கு,

விமானம் வெஞ்சன்ஸ். 44 மார்ச்சில் பெஷாவரில் எடுத்த படம்.

உன் அப்பா ஹபீப் அங்கே ஒரு வீட்டில் பெண் எடுத்துவிட்டான். ஊருக்கு வரமாட்டேன், செத்துவிட்டேன் என்று சொல்லிவிடு என்றான். சட்டையைப் பிடித்து அறைந்தேன். அசையவில்லை. நாடு பிரிந்தபோது அந்தப் பக்கமே நின்றுவிட்டான். இன்று இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது.

புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்றால் ஊர் உன் அம்மாவை என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பார். செத்துவிட்டான் என்றால் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து வேறு நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மாட்டேன் என்று உட்கார்ந்தது என் தவறா? இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கோதண்டராமன்


திருவண்ணாமலை
11.8.1979

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தேன். செத்துவிட்டார் என்று எங்களிடம் சொல்லி ஒரு வருடம் ஆன பிறகு, அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள். பொய்யைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அந்தச் சிரிப்பை முடியவில்லை.

அம்மாவுக்கு இரண்டு நல்ல இடம் வந்தது உங்களுக்கே தெரியும். "போன மனுஷன் மூஞ்சிய மறந்துட்டு இன்னொருத்தர் வீட்ல எப்படிச் சோறு துன்றது"னு சொல்லி மறுத்தவர். அவரிடம் போய் என்ன சொல்ல? சொல்வதற்காகச் சமையலறை வரை போனேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கிவிட்டு வந்துவிட்டேன். இனிமேலும் சொல்லமாட்டேன்.

பிறைக் கணக்கில் இந்த நவம்பரில் அப்பாவின் நினைவு நாள் ஃபாத்திஹா வருகிறது. வருடா வருடம் பஸ்ஸேறி வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். இந்த வருடம் வராதீர்கள். இனி எந்த வருடமும் வேண்டாம்.

"அண்ணன் ஏம்மா வரல?" என்று அம்மா கேட்பார். உடம்பு சரியில்லையாம் என்பேன். உடனே கையேந்தி, உங்கள் ஆயுளுக்காக துவா கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆமீன் சொல்ல வேண்டும்.

பீபி ஜான் மகள்
ரஹமத்துன்னிசா