டார்ச் வெளிச்சம் விழுந்த மூன்று படங்கள்

என் வீட்டரசிக்கு,

நான் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது? இதுவரை சமையல்காரர் எழுதித் தந்தார். இது என் கையாலேயே எழுதியது. இரண்டு நாளாக எழுதுகிறேன், சிரிக்காதே. மருமகளே, உரக்கப் படி.

ஒரு சங்கதி, பயப்படாதே. நான் காவல் காக்கும் தொலைநோக்கிக் கூடத்தில் ராத்திரி விளக்கே கூடாது. அன்று அந்தியில்தான் உன் கடிதம் வந்தது. ஆபரேஷன் என்னாயிற்றோ என்று விடியும்வரை பொறுக்க முடியவில்லை. வாசற்படியில் டார்ச் அடித்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கதவிடுக்கு வழியே வெளிச்சம் உள்ளே போய்விட்டது.

காலையில், அங்கே வானத்தைப் படமெடுக்கும் அம்மா கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"டார்ச் அடிச்சது நீங்கதானா, தாத்தா?"

"ஆமாம்மா. வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன். கடுதாசி வந்துச்சு."

"அறுபதுல மூணு படம்தான் பாழ். அதைத் தூக்கிப் போட்டுட்டு மீதியை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிட்டேன். இனிமே கடுதாசி வந்தா என் ரூமுக்கு வந்து படிங்க, சாமி!"

கம்ப்யூட்டரில் காட்டினார். கிழட்டு நட்சத்திரம் ஒன்று தன் மேல்புகையை உதறிவிட்டதாம். தனிப்படத்தில் வெறும் மங்கல். அடுக்கியதில் பச்சையும் சிவப்புமாக வளையம், நடுவே வெள்ளைப் பொட்டு. அசல் கண்ணேதான்! உன் ஞாபகம் வந்துவிட்டது.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. மருமகளைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல். தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. வியாழக்கிழமைதான் கட்டு அவிழ்ப்பார்கள் என்பதைக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அவிழ்த்ததும் பார்வை தெரிகிறதா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்குக் கடைசி வரி வெகுதூரம்.

கைநாட்டை விட்டொழித்த
உன் வீட்டுக்காரன்