கண்ணீர் வருகிறதா, பாருங்கள்

என்னங்க, லீவு கிடைக்கவில்லை, கம்பெனிக்குப் போகிறேன். பாப்பாவுக்குப் பேதி நிற்கவில்லை. "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்கிறார் உங்கள் சொல்தா பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனோடு குழந்தை வைத்தியமும் சேர்த்துக் கொடுத்தார்கள் போல! நர்ஸம்மாவோ, "குடுத்துக்கினே இரும்மா, இல்லன்னா வறண்டுடுவா" என்கிறார். பெரியப்பா பேச்சைக் கேட்டு நீங்கள் டம்ளரைப் பிடுங்கியதிலிருந்து எனக்கும் குழப்பம்தான். இருந்தாலும் நர்ஸம்மா பக்கமே நிற்கிறேன். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் சொம்பில் இருக்கிறது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். உங்களுக்கு இட்லி மூடி வைத்திருக்கிறேன், கோபத்தில் உப்புப் போட்டேனா தெரியவில்லை.

மறந்துவிட்டேன்: அழும்போது கண்ணீர் வராவிட்டால் உடம்பு வறண்டுவிட்டது என்று அர்த்தமாம், பெரியப்பாவைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்று: நான் செருப்பு மாட்டியதும் அழுதாள். தொட்டுப் பார்த்தேன், கன்னம் ஈரம். சிரித்துவிட்டேன். இப்போது அவளுக்கும் குழப்பம்.