அக்கா துவைத்த வேட்டி

ஏனுங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனமில்லை. மருந்துப்பொடி மதராஸிலிருந்து ரயில் பார்சலில் வந்திருக்கிறதாம். போத்தனூர் போய் வாங்கிவருகிறேன்.

அடுப்புமேல் குழைந்த சோறும், வெண்ணெய் எடுத்த மோரும் இருக்கின்றன. மிச்சப் பொடியை முதல் வாய்ச் சோற்றிலேயே பிசைந்துகொள்ளுங்கள். புற்றோடு பாதிக் கணையத்தையும் வெட்டியெடுத்த பிறகு, பொடி இல்லாமல் எதுவும் செரிக்காது என்று டாக்டர் சொன்னாரே. நெய், எண்ணெய் கூடவே கூடாது.

உங்கள் அக்கா இன்றைக்கு மறுபடியும் வருகிறார்கள். போன தடவை அவர்கள் கொண்டுவந்த வெல்லக் கச்சாயத்தை எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றீர்கள். மறுநாள் நான் கேட்டதற்கு, "வவுறு நல்லாத்தான் இருக்குது அம்மணி" என்றீர்கள். கிணற்றடிக்குப் போனால், அக்கா உங்கள் வேட்டியை அலசிக்கொண்டிருக்கிறார்கள்! "தம்பிக்கு உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருக்குதாமா, நீ கண்டுக்காத கண்ணு" என்று எனக்கே சமாதானம் வேறு.

கச்சாயம் தின்றதற்குக்கூட எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரியில் உங்களுக்கு எல்லாம் அள்ளிப்போட்டவள் நான். கட்டிய பெண்டாட்டியிடம் என்ன வெட்கம்? அந்த வேட்டியை அவர்கள் கையில் கொடுக்க எப்படி மனம் வந்தது?

பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன்.

பாவாத்தாள்

மறந்துவிட்டேன்: தூக்குப்போசியில் ஒரு கச்சாயம் இருக்கிறது. நான் சுட்டது. அக்கா வருவதற்குள் பொடியோடு தின்றுவிடுங்கள்.

வயிறு கெட்டால் கெடட்டும். வேட்டியை நான் வரும்வரை கட்டிலுக்கடியில் போட்டுவையுங்கள்.