தானாகக் கிளம்பாத இன்ஜின்

பகல் 2. காலை 7:10

கரிசல் நிலையம், நிலா. எழுதுபவள் மாரிக்கனி, பழுது பார்ப்பவள், வயது இருபத்திரண்டு. நிலையத்தில் இருப்பது நான் மட்டும். காற்று சரி. தண்ணீர் சரி. மின்சாரம், வெயில் இருக்கும்வரை சரி.

இது யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். இங்கே பகல் என்றால் பதினான்கு நாள் விடாத வெயில். இரவு என்றால் பதினான்கு நாள் விடாத இருட்டு. பெரிய கண்ணாடியால் வெயிலைக் குவித்து, நிலா மண்ணைச் சுட்டுச் செங்கல் போடுவது எங்கள் வேலை. மூன்று பேர் இருந்தோம். மேலாளருக்குக் குடல்வால் வெடித்தது. விமானி அவரை ஏற்றிக்கொண்டு பூமிக்குப் போய்விட்டார். கலத்தில் இருக்கை இரண்டுதான்.

நேற்று பேட்டரி அறை எரிந்துவிட்டது. அடுத்த கலம் அடுத்த விடியலுக்குத்தான் வரும். நடுவில் ஓர் இரவு. வெளியே மைனஸ் நூற்றெழுபது. என்னிடம் பேட்டரி இல்லை.

பகல் 3. மாலை 4:30

யோசனை கிடைத்தது. சுட்ட செங்கல் மலைபோல் குவிந்து கிடக்கிறது. கண்ணாடியால் அதைச் சிவக்கும்வரை சூடேற்றி, மண்ணைப் போட்டு மூடினால் சூடு நாள்கணக்கில் நிற்கும். அந்தச் சூட்டில் ஒரு ஸ்டிர்லிங் இன்ஜினை ஓட்டலாம். அடைத்த சிலிண்டருக்குள் ஹீலியம். ஒரு முனை சூட்டில், மறுமுனை குளிரில். சூட்டில் வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும், குளிரில் சுருங்கி இழுக்கும். உள்ளே எதுவும் எரிய வேண்டாம்.

பூமியிலிருந்து என்னோடு பேசுபவர் தாவீது அண்ணாச்சி, நாகர்கோவில்காரர். நேரில் பார்த்ததில்லை. நான் பேசி முடித்தால் மூன்று விநாடி கழித்துத்தான் அவர் பதில் வரும்.

"ஏ பிள்ள, வெப்பவியல் பேப்பர்ல மூணு தடவ பெயிலாப் போன ஆளுதான நீ?"

"நாலு தடவ, அண்ணாச்சி. அப்புறந்தான் காலேஜ விட்டேன்."

"கோவில்பட்டில தீப்பெட்டி மெசினு பாத்த பிள்ளைக்கு நெலாவுல என்ன சோலின்னு எங்க அம்ம கேக்கா."

"சம்பளம் கூடன்னு சொல்லுங்க."

பகல் 6. மதியம் 1:00

இன்ஜின் தயார். சிலிண்டர்கள், இரண்டு பழைய கம்ப்ரசர்களிலிருந்து. நடுவில் சூட்டைப் பிடித்துவைத்துத் திரும்ப விடும் வலைக்கு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். சக்கரம், மண்வண்டியிலிருந்து. இன்ஜினின் தலை கண்ணாடியின் வெயில் விழும் இடத்தில் இருக்கிறது, செங்கல் குவியலை ஒட்டி. குளிர் முனைக் குழாய்கள் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கின்றன.

ஒரு குணம் உண்டு. எவ்வளவு சூடேறினாலும் இது தானாகக் கிளம்பாது. சக்கரத்தை ஒரு தரம் கையால் தள்ளிவிட வேண்டும். தள்ளினேன். டக். டக். டக். நானூறு வாட்.

புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் எங்கள் பட்டறையில் யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். என் பெட்டியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. காற்றில்லாத இடத்தில் தண்ணீர் நொடியில் ஆவியாகிவிடும் என்பதால், தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். சக்கரத்தைத் தள்ளுவதற்கு முன்பே இன்ஜினின் தலை முழுக்கப் பூசினேன். கண்ணாடிச் சட்டத்துக்கும் நான்கு மூலையிலும் வைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

பகல் 9. காலை 8:20

குவியலில் ஏறவேண்டிய அளவுக்குச் சூடு ஏறவில்லை. இன்ஜின் முந்நூறு வாட்டுக்கு இறங்கிவிட்டது. ஹீலியம் கசிவு இல்லை. பிஸ்டன் உரசல் இல்லை. கம்பி நாரைக் கழற்றிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

அண்ணாச்சி நான்கு பொறியாளர்களைக் கூட்டிவைத்திருக்கிறார். அவர்கள் நான்கு விதமாகச் சொல்கிறார்கள்.

பகல் 11. நேரம் குறிக்கவில்லை

கண்டுபிடித்துவிட்டேன். கண்ணாடியில் டீக்கறைபோல ஒரு படலம். ஓரத்தில் லேசாக, இன்ஜினைப் பார்க்கும் நடுப்பகுதியில் அடர்த்தியாக. தேங்காய் எண்ணெய். தலையின் சூட்டில் ஆவியாகி, எதிரே இருந்த கண்ணாடியில் போய்ப் படிந்திருக்கிறது. வெயில் அதைக் காய்ச்சி வார்னிஷ் ஆக்கிவிட்டது.

"சந்தனமா?"

"ம்."

"எண்ணெயில கொழச்சா?"

"தண்ணி நிக்காதுல்லா, அண்ணாச்சி."



"நான்னா சிலுவைதான் போட்டிருப்பேன், மக்கா. அதுவும் எண்ணெயிலதான் போட்டிருப்பேன்."

நாள் முழுக்கத் துடைத்தேன். முக்கால்வாசி போனது. போன ஐந்து நாள் வெயில் திரும்பாது.

பகல் 14. அந்தி

குவியல் ஐந்நூற்றிருபது டிகிரி. எழுநூறு வேண்டும். பொறியாளர்கள் இப்போது ஒரே குரலில் சொல்கிறார்கள்: அறை ஹீட்டர், காற்று விசிறி, ரேடியோ மூன்றையும் ஓட்டினால், விடிவதற்கு நான்கு நாள் முன்பே இன்ஜின் நின்றுவிடும்.

கண்ணாடியைக் கிழக்கே திருப்பிவைத்தேன். சூரியன் எங்கே வருமோ அங்கே. பிறகு இன்ஜினின் தலையை மட்டும் விட்டுவிட்டுக் குவியலை மண்ணால் மூடினேன். சூரியன் போனது.

இரவு 2

தேர்வில் தோற்ற கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. இன்ஜின் வாங்கும் சூட்டில் கால் பங்குதான் மின்சாரமாகிறது. முக்கால் பங்கு குளிர் முனை வழியாக வெளியே போகிறது. நான் அதை வானத்துக்குக் கொட்டிக்கொண்டு, மின்சாரத்தில் ஹீட்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

குளிர் முனைக் குழாயைச் சுவர் வழியாக என் அறைக்குள் இழுத்துவிட்டேன். ஹீட்டரை அணைத்தேன். அறை கதகதப்பாக இருக்கிறது. குழாயில் காதை வைத்தால் வெளியே ஓடும் இன்ஜின் கேட்கிறது. டக். டக்.

ஒரு சிக்கல். குளிர் முனை இப்போது குளிராக இல்லை. இரண்டு முனைக்கும் சூட்டு வித்தியாசம் குறைந்தால் மின்சாரமும் குறையும். விசிறிக்குப் போதும். ரேடியோவுக்குப் போதாது.

கடைசிப் பேச்சு:

"அப்ப விடியுறவரைக்கும் ஒன் சத்தம் கேக்காது."

"ஒங்க சத்தமும் கேக்காது."

"நீ உயிரோட இருக்கியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது, அண்ணாச்சி."

"இதுக்குத்தான் காலேஜ் படிச்சு முடிச்சிருக்கணும்ங்கது. முடிச்சிருந்தா நீ இங்க என் பக்கத்து சீட்டுல இருந்து டீ குடிச்சிருப்ப."

"ஒங்க பக்கத்துலயா? அதுக்கு நெலாவே தேவல."

சிரித்தார். நான் சுவிட்சை அணைத்தேன். அவர் சிரிப்பு முழுதாகக் கேட்கவில்லை.

இரவு 5

குளிரில்லை. அதுதான் தொல்லை. குளிர்ந்தால் ஏதாவது செய்துகொண்டிருப்பேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாததால்தான் பள்ளிக்கூடம், கல்லூரி, பட்டறை எல்லாவற்றையும் விட்டேன். இங்கே விட்டுப் போக வாசல் இல்லை.

இன்ஜினோடு பேச ஆரம்பித்துவிட்டேன். நான் கேட்டு முடித்ததும் மூன்று விநாடி காத்திருக்கிறேன்.

இரவு 9

டக்குக்கும் டக்குக்கும் இடைவெளி கூடுகிறது. விளக்கை அணைத்துவிட்டேன். இருட்டில் எழுதுகிறேன், வரி மேல் வரி விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு 11 இருக்கலாம்

நின்றது. விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ச் சக்கரத்தைத் தள்ளினேன். கொஞ்ச நேரம் ஓடியது. உள்ளே வந்து பூட்டுவதற்குள் மறுபடி நின்றது. உடையில் இருந்த சக்தியும் தீர்ந்தது. இனி வெளியே போக முடியாது.

விடிய எத்தனை நாள் என்று கணக்கிட்டேன். நான்கு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் முன்னால். ஒரு நாள் சம்பாதித்திருக்கிறேன். பாஸ் மார்க் இல்லை.

இரவு

விசிறி இல்லை. காற்றைச் சுத்தம் செய்யும் டப்பாவுக்கு முன்னால் அட்டையால் வீசுகிறேன். வீசினால் தலைவலி குறைகிறது. கை ஓய்ந்தால் கூடுகிறது. படுக்கை உறைகள் மூன்றுக்குள்ளும் நானே. மேலாளர் உறையில் தைல வாசனை. மனித வாசனை. நல்லது.

சுவரில் என் மூச்சு உறைந்திருக்கிறது.

தெரியவில்லை

அண்ணாச்சிக்கு. என்ன பேசுவது என்று இத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தேன். மறந்துவிட்டது. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே சோலி

வீசினேன். தூங்கிவிட்டேன். திரும்ப வீசினேன்

கை

குழாயில் காது. ஒன்றும் இல்லை. குழாய் பனிக்கட்டிபோல் இருக்கிறது. காது ஒட்டிக்கொண்டது. எடுக்கவில்லை.

டக்

இல்லை. என் நெஞ்சுதான்.

டக். டக்.

நெஞ்சு இதைவிட மெதுவாக அடிக்கிறது. குழாய் அதிர்கிறது. டக். டக். டக். விடிந்திருக்கிறது, கலம் வருவதாகச் சொன்ன விடியல். கண்ணாடி வெயிலைப் பிடித்திருக்கிறது, தலை சூடாகியிருக்கிறது. எல்லாம் சரி.

ஆனால் இந்த இன்ஜின் தானாகக் கிளம்பாது. சக்கரத்தை யாராவது தள்ள வேண்டும்.

நான் உள்ளே இருக்கிறேன்.