முன்சீட்டில் கேட்டது

6 ஜனவரி 1997, திங்கள்

ஆழ்வார்பேட்டை டாக்டரம்மாவின் பத்மினி கார் வியாபாரம் முடிந்தது. வாங்கியவர் நங்கநல்லூர்க்காரர். முதல் கார். சாவி வாங்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த வண்டி விலைக்கு வருவதை எனக்குச் சொன்னது டாக்டரம்மா வீட்டு டிரைவர் சுப்பராமன். எந்த டிரைவர் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வேற யார்கிட்டயும் சொல்லலியே?" அதற்குப் பிறகுதான் என்ன வண்டி, என்ன வருஷம் எல்லாம். வண்டி கைமாறியதும் அவனுக்கு உண்டான கவரைக் கொடுத்தேன். கைமாறாமல் யாருக்கும் கவர் கிடையாது.

பின்சீட்டில் பேசுகிறவர்களுக்கு முன்சீட்டில் ஒரு ஆள் இருப்பது மறந்துபோகிறது. பிள்ளை அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்புகிறான், இந்தப் பழசைத் தள்ளிவிடலாமா என்று அவர்கள் பேசினால் மறுநாள் அது என் வாசலில். இத்தனை வருஷமாக என் வியாபாரம் அதுதான். கடை இல்லை, போர்டு இல்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற புரோக்கர் மேகலா.

புதுப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஹனீஃபா பாய் இன்று ஒரு செய்தி சொன்னார். ஒரு சோப்பு கம்பெனி பத்து அம்பாசடரை மொத்தமாக விற்கப்போகிறதாம். வரி ஆபீஸில் பதிவு செய்து, பில் கொடுக்கிற டீலருக்குத்தான் தருவார்களாம்.

"புரோக்கர்னா கேட்டாண்ட கூட வுட மாட்டான்மா. நீ பாக்காத வண்டியா? ஒரு நம்பரை வாங்கிப் போடு."

வாங்கத்தான் போகிறேன்.

13 ஜனவரி, போகி

வரி ஆபீஸ். கிளார்க் நல்ல மனுஷர்தான். கடைக்கு வாடகைப் பத்திரம், ஏற்கெனவே பதிவு செய்த வியாபாரி ஒருவரின் ஜாமீன் கையெழுத்து, கார்ப்பரேஷன் லைசென்ஸ். அதற்குமேல் ஆபீசர் வந்து இடத்தைப் பார்ப்பார். எல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டுக்காரர் வரலியாம்மா?" என்றார்.

"அவர் டூட்டில இருக்கார் சார். கடை எனக்கு."

என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஃபாரம் கொடுத்தார்.

22 ஜனவரி, புதன்

இடம் கிடைத்துவிட்டது! திருவான்மியூரில் மூலை மனை, இரண்டு பக்கமும் ரோடு. புஷ்பம் அக்காவுடையது. மீன் கூடை தூக்கிச் சம்பாதித்து வாங்கிய மனை. இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

"ஒனக்குன்னா தரேன் மேகலா. ஆனா பெரியவன் கப்பல்லேர்ந்து மாசில தான் வரான், அவனும் கையெய்த்து போடணும். அப்பால அட்வான்ஸ் குடு, போதும்."

அவள் வார்த்தை போதும் எனக்கு.

விலைக்கு வருகிற வண்டி எந்த வீட்டில் நிற்கிறது என்று நான் இன்னொரு புரோக்கரிடம் வாய் தவறியும் சொன்னதில்லை. மனைக்கும் அதே கணக்குதான். இவரிடம் மட்டும் சொன்னேன். ஹனீஃபா பாய்க்கும் சொல்லியாக வேண்டும், ஜாமீன் பத்திரத்தில் விலாசம் எழுத வேண்டுமே.

26 ஜனவரி, ஞாயிறு

இவரை அழைத்துப்போய் மனையைக் காட்டினேன். லஸ்ஸில் ராஜகோபாலன் சார் வீட்டில் பதினோரு வருஷமாக டிரைவர். இன்று அதிசயமாக லீவு கொடுத்திருந்தார்கள். சார் பிள்ளை ஸ்ரீநாத் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து ஏதோ தொழில் தேடுகிறாராம். தினமும் அவரை ஏற்றிக்கொண்டு அலைச்சலாம்.

பாதத்தால் அடி அடியாக மனையை அளந்தார். "எட்டு இல்ல மே, பத்து வண்டி தாராளமா நிக்கும்." புஷ்பம் அக்கா கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டே கேட் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கை காட்டினார். இவர் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று.

சாப்பிடும்போது சொன்னேன். "கடை தொறந்ததும் டூட்டிய வுட்டுடு. வண்டிய வெளிய எடுத்து உள்ள வுட்டா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

"கொயம்பு நல்லா கீது," என்றார்.

5 பிப்ரவரி, புதன்

ஹனீஃபா பாய் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

"நீ ஓடிப்போய்ட்டா நாந்தாம்மா வரி கட்டணும்."

"ஓட நிறைய வண்டி இருக்கு பாய். போறதுக்குத்தான் இடம் இல்ல."

கடை முழுக்கச் சிரித்தது. போர்டு எழுதவும் சொல்லிவிட்டேன். மேகலா கார்ஸ். இங்கிலீஷில் மெட்ராஸ் போடுவதா சென்னை போடுவதா என்று பெயின்டர் கேட்டான். புதுக் கடை, புதுப் பேரே போடு என்றேன்.

17 பிப்ரவரி, திங்கள்

மனையைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள்.

உள்ளே பள்ளம் தோண்டுகிறார்கள். பழைய கார் ஷோரூமாம், முழுக்கக் கண்ணாடியாம். யார் எடுத்தது? கூலியாட்களுக்குத் தெரியவில்லை. புஷ்பம் அக்கா வீடு பூட்டிக் கிடக்கிறது. பெண்ணுக்குப் பிரசவம், காசிமேடு போயிருக்கிறாள்.

பழைய கார் ஷோரூம் — அதே தொழில் — அதே மனை. தற்செயலா இது? யார் சொல்லியிருப்பார்கள்? என் வாயிலிருந்து கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் புருஷன். ஆகவே ஒருவர்.

18 பிப்ரவரி, செவ்வாய்

புதுப்பேட்டை போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றே கேட்டேன். "எவ்ளோ வாங்கின பாய்? என் மனைக்கு எவ்ளோ குடுத்தான் அவன்?"

பாய் கத்தவில்லை. கையிலிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்தார். "நான் போட்ட கையெழுத்த அடிச்சிடட்டுமாம்மா?" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டேன். "சரி. டீ வந்துகினு கீது, குடிச்சிட்டுப் போ."

குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் இவரிடம் சொல்லி அழுதேன். முதுகைத் தடவிக்கொடுத்தார். "வுடு மே. இந்தக் காலத்துல யாரையும் நம்பக் கூடாது."

21 பிப்ரவரி

டிரைவர்கள் வந்தார்கள். திட்டி அனுப்பினேன்.

27 பிப்ரவரி, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

புஷ்பம் அக்கா திரும்பியிருந்தாள். நான் வாய் திறக்குமுன் அவள் பாய்ந்தாள். "இன்னா மேகலா, வேணான்னா எங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னா? ஆம்பளைய அனுப்பிவுடுவியா?"

"யார நான் அனுப்பினேன்?"

"ஒன் வூட்டுக்காரர்தான். பெரிய கார்ல அந்த அமெரிக்காக்காரத் தம்பிய இட்டுகினு வந்தாரு. நீ மந்தைவெளியில வேற எடம் பாத்துட்டியாம், இது வேணான்னுட்டியாம். அவரு வாயாலதான் சொன்னாரு. நம்பாம இன்னா பண்ணுவேன்? கப்பல்காரனும் வந்துட்டான், கையெய்த்து போட்டாச்சு. எளநி வெட்டிக் குடுத்தேன், எறங்கவே இல்ல. ஸ்டீயரிங்கப் புட்சிகினே குனிஞ்சிகினு இருந்தாரு."

ஸ்ரீநாத். லஸ்.

நான்தானே எழுதினேன், ஆகவே ஒருவர் என்று. ஊரெல்லாம் எந்த டிரைவர் யாரிடம் என்ன சொல்கிறான் என்று தெரிந்த எனக்கு, என் வீட்டு டிரைவரை மட்டும் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. பின்சீட்டுப் பேச்சு முன்சீட்டுக்கு வரும். முன்சீட்டுப் பேச்சு பின்னால் போகாதா என்ன?

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை.

"சின்னவர் வண்டியிலே கேட்டாரு. 'அங்கமுத்து, உங்காத்துல எங்கயோ கடை போடப்போறாளாமே, எந்த எடம்?'ன்னாரு. பெருமையாத்தான் மே சொன்னேன். மறுநாளு அங்க ஓட்டுன்னுட்டாரு."

"வேணான்னு நான் சொன்னதா சொன்னியே, அதுவும் பெருமையா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு: "சூப்பர்வைசர் போஸ்ட் தரேன்னாரு. நாற்காலி போட்டு உக்காரலாம்னாரு. நீ இன்னா சொன்ன? வண்டிய எடுத்து உள்ள வுடுன்ன. பதினோரு வருசம் பின்னாடி உக்காந்தவன் சொன்ன எடத்துக்கு ஓட்டிகினு கீறேன். வூட்லயும் பின்னாடி நீ உக்காந்துக்குவியா?"

அடப்பாவி. அதை அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? குழம்பு நல்லா இருக்குன்னியேய்யா! நாற்காலிதானே, பத்து நாற்காலி வாங்கிப் போட்டிருப்பேனே! அடி அடியா அளந்தியே — யாருக்காக அளந்தே?

முதுகைத் தடவின கை.

3 மார்ச், திங்கள்

ஹனீஃபா பாய் கடைக்குப் போனேன். அன்று இருந்த அதே ஆட்கள் இருக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். "தப்பா பேசிட்டேன் பாய். நீங்க இல்ல." யார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அன்னிக்கி டீ ஆறிப்போச்சு. வேற சொல்றேன்."

குடித்தேன். கையெழுத்து அப்படியே இருக்கிறதாம், விலாசத்தை மட்டும் மாற்றினால் போதுமாம். அவருடைய அக்கா அஃப்சருன்னிசாவுக்கு மந்தைவெளி சந்தில் ஒரு பழைய பட்டறை பூட்டிக் கிடக்கிறதாம். நான்கு வண்டிக்கு மேல் நிற்காது.

மந்தைவெளி. அந்த ஆள் சொன்ன பொய் பலித்துவிட்டது.

21 மார்ச்

பத்து அம்பாசடரும் போய்விட்டன. எடுத்தது ஸ்ரீநாத்தின் கண்ணாடிக் கடை.

28 ஏப்ரல், திங்கள்

ஆபீசர் வந்து பட்டறையைப் பார்த்தார். சின்ன இடமா இருக்கே என்றார். சின்ன வியாபாரம்தான் சார் என்றேன். ஃபாரத்தில் கணவர் பெயர் காலியாக இருக்கிறது என்றார். எழுதிக் கொடுத்தேன்.

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு போடுகிறேன். உப்பு போதுமா என்று கேட்பதில்லை.

9 ஜூன், திங்கள்

பதிவு நம்பர் வந்துவிட்டது. பில் புத்தகம் அச்சடித்தாயிற்று. ஹனீஃபா பாய் பாதுஷா வாங்கி வந்தார். புஷ்பம் அக்கா ஒரு பெரிய வஞ்சிரத்தோடு வந்தாள். கடை திறக்கிற நாளில் மீன் கொண்டுவருவதா என்று சத்தம் போட்டேன். "நான் இத்த வித்துத்தான் மனை வாங்கினேன், மூடிகினு வாங்கிக்க," என்றாள்.

சுப்பராமன் வந்து சொல்கிறான், கண்ணாடிக் கடைக்கு சூப்பர்வைசர் வந்தாகிவிட்டதாம். ஸ்ரீநாத்துக்கு மாமா பிள்ளையாம். இங்கிலீஷ் பேசுகிற பையனாம்.

ராத்திரி அந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்துச் சோறு போட்டேன்.

20 ஜூன், வெள்ளி

லஸ் ராஜகோபாலன் சார் வீட்டு டிரைவர் அங்கமுத்து வந்தார்.

கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. மற்ற டிரைவர்கள் நிற்கிற இடத்திலேயே, கேட்டுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். போர்டைப் படித்தார். உள்ளே நிற்கிற மூன்று வண்டிகளையும் பார்த்தார். அடுத்த வண்டி எங்கே நிற்கும் என்று அவர் கண் அளந்ததைக் கவனித்தேன்.

"பெரியம்மாவோட ஃபியட்டக் குடுக்கப் போறாங்க. ஒரே கை, நாந்தான் ஓட்டினது. சின்னவரு அவரு கடையில இம்மாம் பழச நிறுத்த மாட்டாராம்."

நான் பில் புத்தகத்தை மூடி வைத்தேன். எந்த டிரைவர் வந்தாலும் முதலில் கேட்பதைக் கேட்டேன்.

"வேற யார்கிட்டயும் சொல்லலியே?"

சைக்கிள் பெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல மே. ஒன்கிட்ட மட்டுந்தான்."

என்ன வருஷம், என்ன நிறம் என்று கேட்டேன். எனக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன்.

நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

கவரில் பெயர் எழுதி மேஜைக்குள் வைத்திருக்கிறேன். வண்டி கைமாறியதும் தருவேன்.