ஓமோம் சொல்லுற ரிமோட்

என்ர தங்கத் தம்பி ராசன்,

எப்பிடியடா இருக்கிறாய்? உனக்கு இப்ப குளிர் கிளிர் ஒண்டும் இருக்காது. இஞ்ச லாசாலில பனி கரையத் துவங்கிட்டுது. றோட்டெல்லாம் சேறு, சப்பாத்தெல்லாம் உப்பு. உன்ர ஆட்டைத் திவசத்துக்கு ஒரு புத்தகம் அடிக்கினம். "அக்கா, நீங்களும் தம்பியைப் பற்றி ரெண்டு வரி எழுதுங்கோ" எண்டு கேட்டவை. எனக்கு உன்னைப் பற்றி எழுத என்ன தெரியும்? உன்ர படிப்பு என்ன, வேலை என்ன எண்டு ஆரும் கேட்டாலே நான் முழுசுவன். உன்னோட கதைக்கத்தான் தெரியும். அதால கதைக்கிறன். மற்றவை கேட்டால் கேக்கட்டும்.

நல்ல செய்தியை முதல்ல சொல்லிப்போடுறன், இல்லாட்டி நீ அந்தரப்படுவாய். அத்தான் திரும்பக் கதைக்கிறார். உன்ர டிரைவரை உள்ளுக்கு எடுத்திட்டினம்.

உனக்கு இது காணும். வாசிக்கிற சனத்துக்கு விளங்காது, அவைக்காக ஆறுதலாச் சொல்லுறன், நீயும் கேட்டுக்கொண்டிரு.

என்ர மனிசன், உன்ர அத்தான், துறைமுகத்தில கொண்டெய்னர் ட்றக் ஓடினவர். வாய் ஓயாத மனிசன். சிவப்பு விளக்கில நிண்டாலும் பக்கத்து வாகனக்காரனோட கதைப்பார். ஒருநாள் காலமை சப்பாத்து மாட்டக் குனிஞ்சவர் நிமிரேல்லை. பாரிசவாதம். வலக்கையும் வாயும் போட்டுது. ஆஸ்பத்திரியில பிரெஞ்சில கேட்டினம், இங்கிலிசில கேட்டினம், பேந்து நீ வந்து தமிழில கேட்டாய். எல்லாம் விளங்குது அவருக்கு. ஒரு சொல்லு வெளியில வரேல்லை. கண்ணால தண்ணி மட்டும் வந்தது.

அப்ப நீ என்ன செய்தாய்? பழைய சாமான் கடையில ஒரு வீடியோ டெக்கின்ர ரிமோட் வாங்கிக்கொண்டு வந்தாய். பெரிய பெரிய பட்டன், இடக்கைப் பெருவிரலுக்கு வசதி. கொம்பியூட்டரில நெருப்புப்பெட்டி அளவில ஒரு பெட்டியைக் கொழுவினாய். ரிமோட்டில இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் போகுமாம், பெட்டி அதைப் பிடிக்குமாம், கொம்பியூட்டர் அதுக்குரிய சொல்லைச் சொல்லுமாம். "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்னெண்டடா வெளிச்சம்?" எண்டு நான் கேட்க, "அக்கா, நீங்கள் தேத்தண்ணி போடுங்கோ" எண்டாய்.

சொல்லெல்லாம் உன்ர குரலில பதிஞ்சது. அத்தான் மாதிரிக் கதைக்கிறன் எண்டு தொண்டையைச் செருமிச் செருமி, "ஓம்", "இல்லை", "இஞ்சாரும்", "இஞ்சாரும், தேத்தண்ணி", "நோகுது", "ரீவியை மாத்தும்" எண்டு சொன்னாய். தமக்கையைப் புருசன் மாதிரி இஞ்சாரும் எண்டு கூப்பிட உனக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு தேத்தண்ணியின்ர வாலில இப்பவும் கிடக்குது. வேற என்ன சொல்லு வேணும் எண்டு அத்தானைக் கேட்க, அவர் என்னைக் காட்டிப்போட்டு வாயில விரலை வைச்சுக் காட்டினார். உடன "சும்மா இரும்" எண்டும் ஒரு பட்டன் வந்திட்டுது. ரெண்டு பேரும் சேர்ந்த கூட்டுச் சதி.

இந்த இடத்தில இன்னொரு கதை சொல்லவேணும். நீ ஒருநாள் எங்கட குசினியில நிண்டு போனில ஆரோடயோ கதைக்கிறாய். "கேணல் ஆக்கள் என்ர டிரைவரைத் திருப்பி அனுப்பிட்டினம். ஆனா நான் விடமாட்டன், கேணலுக்குள்ள எப்பிடியும் போவன்" எண்டு சொல்லுறாய். எங்கட சனத்துக்குக் கேணல் எண்டால் இயக்கத்துப் பெரியாக்களை விட்டா வேற ஆர்? நாங்கள் ஓடி வந்ததே அந்தக் கரைச்சல் வேண்டாம் எண்டுதானே! அதுக்குள்ள டிரைவரை வேற அனுப்பியிருக்கிறான், வீட்டில இருக்கிற டிரைவர் வாய் பேசாமக் கிடக்கிறார், இவன் எந்த டிரைவரை எங்க அனுப்பினவன்? அந்த ஞாயிறு டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போய் உன்ர பேரில அருச்சனை செய்துபோட்டு, வாற வழியில காருக்குள்ள வைச்சுக் கேட்டன்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. எந்தக் கேணல்?"

நீ ஸ்டியரிங்கில தலையை வைச்சுச் சிரிச்சாய். பின்னால வந்தவன் ஹோர்ன் அடிச்சான்.

"அக்கா, அது கேணல் இல்லை, கேர்னல். பென்குயின் படம் போட்ட சிஸ்டம் இருக்கெல்லே, அதின்ர நடு. டிரைவர் எண்டது ஆள் இல்லை. ரிமோட் ஒரு பாஷை கதைக்குது, கொம்பியூட்டர் ஒரு பாஷை கதைக்குது. நடுவில நிண்டு மொழிபெயர்க்கிறதை நான் எழுதிறன்."

"ஆஸ்பத்திரியில நீ எனக்கு நிண்டமாதிரி?"

"ஓமோம். அதேதான்."

நீ எழுதினதை அந்த நடுவுக்குள்ள எடுக்கேல்லை, வெளியில நிக்கவிட்டிருந்தவை. அதால ஒவ்வொருக்கால் அந்த சிஸ்டம் புதுசா வரேக்கயும் நீ வந்து இருந்து அதுக்கு அளவா வெட்டித் தைச்சுவிட்டாய். நீ இருக்கிறாய் எண்டு நான் அதைப் பற்றிக் கவலைப்படேல்லை. ஆர்தான் நினைச்சம், வேலைக்குப் போன பிள்ளை மெட்ரோப் படியில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திடும் எண்டு?

உன்னை எடுத்த அண்டைக்கு வீடு நிறையச் சனம். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அறைக்குள்ள இருந்து உன்ர குரல், "இஞ்சாரும், தேத்தண்ணி" எண்டு. மாமி ஒராள் கதிரையில இருந்து விழப் பாத்தா. பாவம் அவர், அவருக்குத் தேத்தண்ணி விடாய். நான் அழுதுகொண்டே போட்டுக் குடுத்தன்.

பேந்து ஒருநாள் கொம்பியூட்டர் கருகின மணம் மணத்து நிண்டுபோச்சு. புதுசு வாங்கினம். உன்ர குரலெல்லாம் பத்திரமா இருந்தது, நீ வேற இடத்திலயும் போட்டு வைச்சிருந்தாய். ஆனா புதுசுக்கு உன்ர டிரைவர் ஏறேல்லை. அத்தான் பட்டனை அமத்துறார், அமத்துறார், ஒண்டுமில்லை. ரிமோட்டைத் தட்டிப் பாத்தார். பற்றறி மாத்தினன். பேந்து அவர் அதைக் கட்டிலில வைச்சிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.

அந்த நாளுகளை என்னெண்டு சொல்ல? ஒருநாள் காலமை துவங்கி முகத்தைச் சுளிச்சுக்கொண்டிருந்தார். சாப்பாடு பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். பின்னேரம் குளிர்க் காய்ச்சலில நடுங்கேக்கதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினது. சலத்தில கிருமியாம். காலமையே நொந்திருக்கும். "நோகுது" எண்ட பட்டன் வேலை செய்திருந்தா நான் அறிஞ்சிருப்பன். அண்டைக்கு வீட்டுக்கு வந்து உன்ர படத்துக்கு முன்னால நிண்டு நல்லா ஏசினன். கேட்டதோ உனக்கு?

அப்பதான் மைதிலியின்ர ஞாபகம் வந்தது. உன்னோட வேலை செய்த கோயம்புத்தூர்ப் பிள்ளை. செத்தவீட்டில என்ர கையைப் பிடிச்சு "எதுன்னாலும் கூப்பிடுங்கக்கா" எண்டவள். கூப்பிட்டன், வந்தாள். என்னை அக்கா எண்டாள், அத்தானை மாமா எண்டாள். அக்காவின்ர புருசன் அவையின்ர ஊரில மாமாவாம். அவர் மருமகள் வந்தமாதிரிக் கதிரையைக் காட்டினார்.

வேலை முடிஞ்சு, சின்னப் பிள்ளையளைப் பாக்கிற கார்டெரியில இருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டுதான் வருவாள். பிள்ளை என்ர மடியில, தாய் கொம்பியூட்டரில. நீ எழுதினதைப் படிக்கேக்க தனக்குள்ள சிரிப்பாள். "அண்ணா நடுவுல நடுவுல ஜோக் எழுதி வச்சிருக்காருங்கக்கா." என்ன ஜோக் எண்டு கேட்டால், சொன்னாலும் எனக்கு விளங்காதாம். சரி, உங்கட ஆக்களுக்குள்ள இருக்கட்டும்.

ஒரு பின்னேரம் "மாமா, இப்ப அமுத்துங்க" எண்டாள். அவர் அமத்தினார். "இஞ்சாரும், தேத்தண்ணி." சிரிப்பும் வந்தது. நான் குசினிக்குள்ள போய் நிண்டு ஒரு பாட்டம் அழுதுபோட்டுத்தான் தண்ணியைச் சூடாக்கினன்.

ஆனா அதோட முடியேல்லை ராசன். அடுத்தநாள் துவங்கி அவருக்கு என்னோட கோவம். "சாப்பாடு போடட்டோ?" எண்டால், "ஓம்." "படுக்கப் போறியளோ?" "ஓம்." வெட்டி வெட்டி மறுமொழி. நான் என்ன பிழை விட்டன்? எனக்கும் ரோசம் வந்திட்டுது. நானும் கதையை விட்டன். கதைக்க முடியாமக் கிடந்த மனிசன் கதைக்கத் துவங்கின உடன நாங்கள் ரெண்டு பேரும் கதையாமல் விட்டிட்டம், இந்த அநியாயத்தை எங்கயும் கேட்டிருக்கிறியோ?

கடைசியில மைதிலிக்கு முன்னால பொறுக்கமாட்டாமக் கேட்டன், "இஞ்சருங்கோ, என்னில என்ன கோவம்?"

"இல்லை" எண்டது பெட்டி, ஒருக்கால்.

"பாத்தியே பிள்ளை, எப்பிடிச் சொல்லுறார் எண்டு!"

அத்தானுக்குக் கண் கலங்கிட்டுது. பெருவிரலைப் பட்டனில வைச்சு எடுக்காம அமத்திக்கொண்டே என்னைப் பாக்கிறார். விரல் வெளுத்துப் போச்சு. பெட்டி வாயைத் திறக்கேல்லை.

மைதிலி நெத்தியில அடிச்சாள். "ஐயோ அக்கா! அமுத்திப் பிடிச்சா அந்த ரிமோட் திருப்பித் திருப்பி அனுப்பும். அண்ணா அதை அப்படியே விட்டிருந்தாரு. நான் தப்புன்னு நெனச்சு, ஒரு அமுத்துக்கு ஒரு வார்த்தைன்னு மாத்திட்டேன்."

அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. எங்கட வீட்டில ஆரடா ஒரு ஓம் சொல்லுறது? ஓமோம் எண்டால் சரி, சந்தோசம். ஓமோமோம் எண்டால் விளங்கிட்டுது, விடும் எண்டு அர்த்தம். ஒரே ஒரு ஓம் எண்டால் கடுங்கோவம். நீ ஒருக்கால்தான் பதிஞ்சாய், ஆனா அத்தான் விரலை எவ்வளவு நேரம் வைக்கிறாரோ அதுதான் அவற்ற குணம், அவற்ற குரல். அது உனக்குத் தெரிஞ்சிருந்தது.

அவள் அப்பவே மாத்தினாள். அவர் அமத்தினார். "இல்லையில்லையில்லை." நான் சிரிக்க, அவரும் அந்தக் கோணின வாயால சிரிச்சார். பிள்ளை கை தட்டிச்சுது.

பேந்து மைதிலி அதைக் கேர்னல் ஆக்களுக்கு அனுப்பினாள். "இல்லேன்னா அடுத்த புதுசுக்கும் இதே பாடுதாங்கக்கா" எண்டாள். அவை லேசில விடுகிற ஆக்களே! எழுத்துக்கு நடுவில விடுகிற வெறும் இடம் சரியில்லை எண்டு ஒருக்கால் திருப்பி அனுப்பிச்சினம். வெறும் இடத்திலயும் குறை பிடிக்கிற ஆக்களை நான் இப்பதான் பாக்கிறன். அடுத்தமுறை, திருப்பித் திருப்பிச் சொல்லுறது எதுக்கு, எடுத்துவிடு எண்டு ஒரு ஜெர்மன்காரர் எழுதினார். மைதிலி எங்கட ஓமின்ர கதையை முழுக்க எழுதி அனுப்பினாள். எனக்கு வெக்கம், என்ர வீட்டுச் சண்டை உலகம் முழுக்கப் போகுது எண்டு.

அவர் என்ன மறுமொழி போட்டார் தெரியுமே? தங்கட நாட்டில ஓமை ரெண்டுதரம் சொன்னால்தான் கோவமாம்! அதால வேணுமெண்டவை வைச்சிருக்கட்டும், வேண்டாதவை நிப்பாட்டட்டும், ரெண்டுக்கும் வழி விட்டு எழுது எண்டாராம். நல்ல மனிசன். அவற்ற மனிசியும் வீட்டில உருண்டு பிரண்டு சண்டை பிடிக்கிறவ போல.

போன கிழமை மைதிலி போன் எடுத்தாள். "அக்கா, எடுத்துட்டாங்க. எழுதினவர் பேர்னு அண்ணா பேரு போட்டிருக்கு."

"அப்ப இனிப் புதுசு வந்தா?"

"உள்ள இருக்கிறதை அவங்களே பாத்துக்குவாங்கக்கா. அவங்க ஒண்ணை மாத்துனா இதையும் சேத்து மாத்தணும். இந்தக் கொம்பியூட்டர் போனாலும் வேற ஒண்ணு வாங்கலாம், ரிமோட்டை அதுக்குத் தெரியும்."

நான் போனை வைச்சிட்டு அப்பிடியே சோபாவில சாஞ்சிட்டன். நாரி முறியச் சுமந்த ஒரு மூட்டையை இறக்கின மாதிரி. எனக்கு ஒண்டு ஆனாலும் அவருக்கு வாய் இருக்கும். அந்தப் பயத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உனக்கும் இப்பதான் சொல்லுறன். அண்டைக்கு மத்தியானம் படுத்தனான், அவர் "இஞ்சாரும், இஞ்சாரும், இஞ்சாரும்" எண்டு கூப்பிட்டு எழுப்புமட்டும் நித்திரை.

தம்பி, நீ போனதில இருந்து நான் உன்னை நினைச்ச நேரமெல்லாம் ஏதும் ஒரு வேலைக்குத்தான் நினைச்சிருக்கிறன். இதை வந்து பார், அதை வந்து திருத்து எண்டு. செத்தவனைக்கூட ஆறுதலா இருக்க விடாத அக்கா நான். இனி அப்பிடிக் கூப்பிடமாட்டன், சத்தியம். உன்ர வேலை முடிஞ்சுது. இனி உன்னை நினைச்சால், சும்மா உன்னை நினைக்கிறதுக்கு மட்டும்தான் நினைப்பன்.

அத்தானும் பக்கத்தில இருந்து நான் எழுதுறதைப் பாத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு ஏதும் சொல்லவோ எண்டு கேட்டன். கனநேரம் ரிமோட்டைத் தடவிப்போட்டு, ஒரு பட்டனையும் அமத்தாம, என்ர கையைப் பிடிச்சார். அதையும் எழுதிவிடுறன்.

உனக்கு முன்னம் பிறந்து, உனக்குப் பிறகும் இருக்கிற
உன்ர அக்கா