கல் மூக்குத்தி

மார்ச் 4, செவ்வாய்

வாலுவுக்கு மூக்குத்தி மாற்றிவிட்டேன். குத்தி ரெண்டு வருஷமாகிறது, புண் ஆறி எந்தக் காலமோ. இன்னும் தானாக மாட்டிக்கொள்ளத் தெரியாது. வேலைக்குப் போகிற தங்கச்சி, என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, நான் திருகைத் தொடுவதற்கு முன்பே ஊரைக் கூட்டுகிறாள். "அக்கா, மெதுவா! மெதுவான்னா மெதுவா!" வழக்கம்போல இடது கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று தண்ணீர். கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். புதுக் கல் அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

மார்ச் 7

வாலு. ஸ்கூட்டர். லாரி. தலையில் அடி. கடவுளே, வேறென்ன எழுத?

மார்ச் 8

தீவிர சிகிச்சைப் பிரிவு. கண் திறக்கவில்லை. ஸ்கேனுக்கு உலோகம் ஆகாது என்று நர்ஸ் மூக்குத்தியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எல்லாரும் ரத்தக் கசிவு, வீக்கம் என்று பேசுகிறார்கள். எனக்கு, ஓட்டை தூர்ந்துபோகுமே என்று கவலை. எழுந்து கண்ணாடி பார்த்தால் என்னைத்தான் கடித்துக் குதறுவாள். பிளாஸ்டிக் மூக்குத்தி வாங்கிவந்தேன். நர்ஸ் முகத்தைச் சுளித்தாலும் மருந்துத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தார்.

போட்டேன். இடது கண்ணில் தண்ணீர்! ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். "அது உடம்பு தானா பண்றதும்மா. அவங்களுக்குத் தெரிஞ்சு வரல." என் தங்கச்சியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 11

தினமும் கழற்றிக் கழுவி மாட்டுகிறேன். தினமும் கண் கலங்குகிறது. "அழுறா பாரு, என் தங்கம்" என்கிறாள் அம்மா. வாலு அழுது நாங்கள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

மார்ச் 14

இன்றைக்குக் கண் கலங்கவில்லை. நான் மெதுவாக மாட்டியதாலோ? ஆமாம், அதனால்தான்.

மார்ச் 16, ஞாயிறு

டாக்டர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். மூளை முழுதாக நின்றுவிட்டதாம். ரெண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டார்களாம். நாளைக் காலையில் மூச்சு மெஷினை நிறுத்துகிறார்கள். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? எந்த வாயால சொல்றது?

திரும்பி வந்தால் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள். இனி ஸ்கேன் கிடையாது, கல் மூக்குத்தியையே போட்டுவிடலாம் என்று நர்ஸ் சொன்னாராம். "பாத்தியா, தேறிட்டா! போட்டு விடுடி."

நர்ஸ் என்னைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்.

போட்டுவிட்டேன். ஓட்டை தூரவே இல்லை, சுலபமாக உள்ளே போயிற்று. பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து அவள் இடது கண்ணோரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். அது நனையவில்லை.